தேதி இல்லாத சாட்சி

வைத்திலிங்கத்தின் வேலை கேட்பது. சுரங்கத்திலிருந்து மண்ணையும் நிலக்கரியையும் மேலே கொண்டுவரும் ரப்பர் பெல்ட்டுக்கு அடியில் ஆயிரக்கணக்கான ரோலர்கள் சுழன்றுகொண்டிருக்கும். ஒன்று சுழலாமல் நின்றுவிட்டால் சூடேறி, பெல்ட்டிலேயே தீ பிடிக்கலாம். பெல்ட் ஓரமாக நடந்துபோய், எங்கே சத்தம் மாறுகிறது என்று கேட்டு, அந்த ரோலரில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டு வரவேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அதைச் செய்தார். முதலில் கான்ட்ராக்ட், பிறகு பெர்மனன்ட்.

அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கெட்டுப்போன ரோலர் கீச்சிட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல ரோலர் ஒன்றும் சொல்லாது. இது நன்றாக இருக்கிறது என்று யாரும் குறி போடுவதில்லை. பழுது மட்டுமே நிச்சயமாகத் தெரியும். மற்றதெல்லாம் சத்தம் வரவில்லை என்பதிலிருந்து நாமாக முடிவு செய்வது. தன் ஆத்துமாவையும் வைத்திலிங்கம் இதே காதால்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். கீச்சிடுவது மட்டும் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சொந்த ஊர் சுரங்கத்தை ஒட்டிய வடக்குத்து. வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். கூட வேலை பார்த்த நாகர்கோவில்காரர் ஒருவர் கொடுத்த வேதபுத்தகத்தை, சாப்பாட்டு நேரத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கத் தொடங்கினார். முதலில் பொழுதுபோகாமல் படித்தார். பிறகு படிக்காத நாளில் ஏதோ குறைந்தது. ஒரு கட்டத்தில் பெல்ட் ஓரமாக நடக்கும்போது தன் வாய் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். எப்போது பேச ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. தொல்லையெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

2002ஆம் ஆண்டு, ஞானஸ்நானம் எடுப்பதற்காக வடக்குத்துச் சாலையோரம் இருந்த சிறிய சபையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அப்போதிருந்த போதகர் பெயரை மாற்றச் சொன்னதற்கு, "ஆபீஸ்ல, பி.எஃப்.ல எல்லாத்துலயும் வைத்திலிங்கம்னு இருக்குங்க. மாத்தப்போனா ரிட்டயர் ஆவுற வரைக்கும் அலையணும்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். ஆனால் நான்காவது கட்டத்தில் மாட்டிக்கொண்டார். அதில் 'இரட்சிக்கப்பட்ட தேதி' என்று இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யோசிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மணி, நிமிடத்தோடு எழுதினார். வைத்திலிங்கத்துக்குப் பிறந்த தேதியே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது. வாழ்க்கையில் அவர் மனப்பாடமாக வைத்திருந்த ஒரே தேதி பெர்மனன்ட் ஆர்டர் கையில் வாங்கிய நாள். பேனா அதை எழுதிவிட்டது: 17.9.2001.

அது அதோடு போயிருக்கும். அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்தநாளைப் போல இரட்சிப்பின் நாளையும் அறிவிப்பார்கள். அந்த வாரத்துக்குரியவர் எழுந்து, ஆண்டவர் தன்னை மாற்றிய கதையைச் சாட்சியாகச் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்கவேண்டும். முதல் வருடம் வைத்திலிங்கம் தேதியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் இன்னும் ஏதோ வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அடுத்த வருடம், "பெல்ட் ஓரத்துல ஆண்டவர் என்னைச் சந்திச்சாரு" என்றார். நான்காம் வருடச் சாட்சியில் மழை வந்தது. பத்தாம் வருடம் மண்டியிட்டு அழுதார்.

மற்றவர்களின் சாட்சிகளில் சாராயம் இருந்தது, பூச்சிமருந்து இருந்தது, ஓடிப்போன மகன் திரும்பி வந்தான். இவர் பீடிகூடக் குடித்ததில்லை.

"நான் குடிகாரனா இருந்திருந்தாலாவது சொல்றதுக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும்" என்று ஒருமுறை மனைவி மாணிக்கம்மாளிடம் சொன்னார்.

"இப்பகூட ஒண்ணும் கெட்டுப்பூடல. போயி ஒரு வருஷம் குடிச்சிட்டு வாங்க. அப்பால சேத்து வச்சிச் சொல்லலாம்" என்றாள் அவள்.

மாணிக்கம்மாள் காடாம்புலியூர்க்காரி. கணவனோடு அதே நாளில் ஞானஸ்நானம் எடுத்தவள். படிவத்தில் அவளுடைய நான்காவது கட்டம் காலியாகவே இருந்தது. எழுதத் தெரியாது என்பதால் யாரும் அவளைக் கேட்கவில்லை. செத்தால் ஆண்டவரிடம் போவேன் என்பதை, பக்கத்துத் தெருவுக்குப் போய்வருகிறேன் என்பதுபோலச் சொல்வாள். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் வைத்திலிங்கத்துக்கு ஏக்கம் வரும். முப்பது வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவளிடம் இருக்கும் ஒன்று தனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்று நினைப்பார். பொறாமை என்றும் சொல்லலாம். அவர் அதை ஜெபம் என்றுதான் நினைத்தார்.

இருபதாவது வருடச் சாட்சியில், மண்டியிட்டபோது முழங்காலில் சேறு ஒட்டியது என்று சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லும்போது அந்த ஈரம் முழங்காலில் உண்மையாகவே சில்லென்று பட்டது. உட்கார்ந்ததும் பயந்துபோனார். நடக்காத ஒன்றின் ஈரத்தை இந்த உடம்பால் உணர முடிந்தால், பாட்டு நேரத்தில் உணர்ந்த சமாதானம் எது? ஜெபத்தில் உணர்ந்தது எது? அதுவும் நானே பிசைந்த சேறுதானா?

அதிலிருந்து அவரால் திருவிருந்தில் கைநீட்ட முடியவில்லை. பொய் சொல்லும் வாயில் அப்பத்தை வாங்கக் கூடாது என்று நினைத்தார். சபையில் திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு. கையில் ஷிப்ட் இருந்ததால் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது. ஒவ்வொரு முதல் ஞாயிறும் கோபாலகிருஷ்ணனிடம் ஷிப்டை மாற்றிக்கொள்வார்.

கோபாலகிருஷ்ணன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருவரும் ஒரே நாளில் பெர்மனன்ட் ஆனவர்கள். "ஏம்வே, ஞாயித்துக்கிழமையானா கோயிலே கதின்னு கிடக்க ஆளு நீரு. மாசத்துல மொத ஞாயிறு மட்டும் வேலைக்கு ஓடி வாரீரே! அன்னைக்கு அங்க என்ன, அடிக்காவளா?" என்பார். வைத்திலிங்கம் சிரித்துவைப்பார். இப்படியே நான்கு வருடம் போயிற்று.

2025 ஜூன் முப்பதாம் தேதி, வாத்தியார் போட்ட பிறந்த தேதியின்படி வைத்திலிங்கத்துக்கு அறுபது முடிந்து ஓய்வு கொடுத்தார்கள். மாலை போட்டு, வேனில் குவார்ட்டர்ஸ் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். இனி ஷிப்ட் இல்லை. வரும் ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு.

சபைக்கு இப்போது அருண்ராஜ் என்ற இளம் போதகர். அவர் சனிக்கிழமை மாலை குவார்ட்டர்ஸ் வாசலிலேயே, நல்லபடியாக ஓய்வு பெற்றதற்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்துவிட்டார். "ஐயா, உங்க பெல்ட் சாட்சிய முழுசாச் சொல்லுங்க. மைன்ஸ்காரங்களையும் கூப்பிடுங்க. அவங்களும் கேக்கட்டும்" என்றார்.

கூப்பிடவேண்டியவர்களில் முதல் ஆள் கோபாலகிருஷ்ணன். அந்தப் பதினேழாம் தேதி என்ன நடந்தது என்று கூடவே இருந்து அறிந்த ஒரே ஆளும் அவர்தான். அன்று இருவரும் பெல்ட் பக்கமே போகவில்லை. ஆபீசில் ஆர்டர் வாங்கினார்கள். மெயின் பஜாரில் பிரியாணி சாப்பிட்டார்கள். வைத்திலிங்கம் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். மழை பெய்யவில்லை.

சனிக்கிழமை காலை மாணிக்கம்மாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கூட்டத்துக்கு வருகிறவர்களுக்காகப் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும் என்பதால் பாதி வீடு மூட்டையாகக் கட்டிக் கிடந்தது. வைத்திலிங்கம் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தேதியை, மழையை, சேற்றை, முதல் ஞாயிறுகளை.

அவள் சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கி ஜாங்கிரி வாங்கிகினு வந்தீங்க. மூஞ்செல்லாம் பல்லு. அழுதவன் மூஞ்சி மாரி எனக்குத் தெரியல."

"அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"வருசா வருசம் கேட்டுகினுதான இருந்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். இருவத்து மூணு வருசம் ஆவும்னு நெனக்கல."

அவர் தரையில் உருண்ட கொட்டைகளைப் பொறுக்கித் தட்டில் போட்டார், விரலெல்லாம் பலாப்பால் ஒட்டியது. பிறகு, "பொய்யின்னு சொல்லிடலாம். அதுக்குக்கூட பயமில்ல. அதை எடுத்துப்புட்டா கையில ஒண்ணும் இல்ல மாணிக்கம். எப்ப வந்தாருன்னு தெரியல. வந்தாரான்னே தெரியல. ஒன்ன மாரி ஒருநாளாவது நிச்சயமாத் தெரிஞ்சா போதும்" என்றார்.

"அவரு வேணுமா வேணாமா ஒங்களுக்கு?"

"வேணும்."

"எத்தினி நாளா?"

"அதான் தெரியலன்றனே."

"நாளு தெரியாத அளவுக்கு வேணும் வேணும்னுகினு இருக்கீங்க. செத்தவனுக்குப் பசிக்குமா?" என்றாள். பிறகு, "அந்தத் தட்ட இப்படித் தள்ளுங்க" என்றாள்.

இதை ஒரு வாதமாக எடுத்துக்கொண்டால் அதில் ஓட்டை உண்டு. பசி, உயிர் இருப்பதற்குச் சான்று. சோறு வரும் என்பதற்குச் சான்று இல்லை. வைத்திலிங்கத்துக்கும் அது தோன்றியிருக்கவேண்டும். தட்டைத் தள்ளிவிட்டு, ஆறுதல் அடைந்தவர் போலில்லாமல் எழுந்துபோனார். ஆனால் எதையோ நெடுநேரம் காதில் வைத்துக் கேட்கிறவர்போல, மதியம் முழுக்கத் தலையைச் சாய்த்தபடி இருந்தார்.

மாலையில் பந்தலுக்குக் கீழே நாற்பது நாற்காலி. சபையார் முன்னால் உட்கார்ந்தார்கள். சுரங்கத்திலிருந்து வந்தவர்கள் பின்னால். கோபாலகிருஷ்ணன் பட்டைபட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு, பலாச்சுளைத் தட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டுகள் முடிந்தன. போதகர் மைக்கை நீட்டினார்.

"2001 செப்டம்பர் பதினேழு" என்று வைத்திலிங்கம் ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒரு அம்மாள், வரப்போகிற மழைக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் நிறுத்தினார். மைக் மட்டும் உறுமியது.

"அன்னிக்கி எனக்கு பெர்மனன்ட் ஆர்டர் வந்துச்சிங்க. அவ்வளவுதான். பாரத்துல தேதி கேட்டாங்க, எனக்குத் தெரிஞ்ச தேதிய எழுதிட்டேன். மண்டி போடல. மழையும் இல்ல. அதோ ஒக்காந்திருக்கிற கோபாலகிருஷ்ணன்கூட பிரியாணி சாப்ட்டேன். வருசா வருசம் உங்க முன்னாடி நின்னு பொய் சொல்லியிருக்கேன். மன்னிச்சிடுங்க. ஆண்டவர் என்னை எப்ப இரட்சிச்சாருன்னு எனக்குத் தெரியாது." மைக்கைக் கை மாற்றிக்கொண்டார். "அவரு வேணும்ன்றது மட்டும் தெரியும். இப்பவும் வேணும்."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. கண்ணை மூடிய அம்மாள் திறந்துகொண்டாள். அவள் முகத்தில் கோபம் தெரிந்தது, அது நியாயமும்கூட. அருண்ராஜ் மைக்கை வாங்கி, பாட்டெண் ஒன்றைச் சொன்னார். பாட்டு மெலிதாகத்தான் கிளம்பியது.

கூட்டம் கலைந்தபோது கோபாலகிருஷ்ணன் சுளையை மென்றபடி வந்தார். "ஏம்வே, எதுக்கு என்னய இழுத்தீரு? நீரு மண்டி போட்டேன்னு சொல்லியிருந்தா, ஆமா, நாந்தான் குடை புடிச்சேன்னு சொல்லியிருப்பேனே!" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "மொத ஞாயிறு ஓடி வந்ததுக்கு இதுதானாக்கும்?" என்று கேட்டார். வைத்திலிங்கம் தலையாட்டினார். "தெரிஞ்சிருந்தா நான் ஷிப்ட் மாத்தியே குடுத்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரை உதைத்தார்.

மறுநாள் ஆராதனைக்கு முன் அருண்ராஜ் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். மேசையில் பழைய பதிவேடு திறந்திருந்தது. அனுபவம் அதிகம் இல்லாத மனிதர், ஆனால் நேர்மையானவர். "ஐயா, உங்க சாட்சிய நானே எத்தனையோ பேர்கிட்ட சொல்லியிருக்கேன். அவங்ககிட்ட எல்லாம் நான் திரும்பப் போகணும்" என்றார். "போங்க ஐயா. நானும் வர்றேன்" என்றார் வைத்திலிங்கம். போதகர் 17.9.2001 என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். "இங்க என்ன எழுதட்டும்?"

"காலியா வுடுங்க. மாணிக்கத்துதும் காலியாத்தான இருக்கு."

திருவிருந்துத் தட்டு வரிசை வரிசையாக வந்தது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் பெல்ட் ஓரத்தில் ஏதாவது ஒரு ரோலர் அருகே நின்றிருப்பார். இன்று காது கொடுத்துக் கேட்டார். உள்ளே கீச்சிடும் சத்தம் நின்றிருந்தது. நின்றதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் முடிவு செய்யவில்லை. தொழில் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தது. பெண்கள் பக்கத்தில் மாணிக்கம்மாள் அப்பத்தை வாயில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல எதையும் நிரூபிக்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தட்டு அவர் முன்னால் நின்றது. பலாப்பால் இன்னும் பிசுபிசுத்த விரல்களை நீட்டினார்.

விரல் நுனி அளவு அப்பம். வெளிச்சம் வரவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை. நாக்கில் வைத்ததும் கரைந்துபோயிற்று. இன்னும் வேண்டும்போல இருந்தது.