நாகலூரில் தூங்காத அரை மணி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், எழுத்துப் பிழைகளும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். "ஏற்காட்டுல போயி என்னப்பா பண்ணுனே?" என்று தறிப்பட்டறையில் எல்லோரும் கேட்கிறார்கள். நாலு பேர் முன்னால் நின்று சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதித் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் என் மனைவி செல்வியும் சேலத்தில் பஸ் ஏறினோம். ஏற்காட்டை அடுத்த நாகலூரில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் மூன்று நாள் தியானப் பயிற்சி. செல்விதான் கூப்பிட்டாள். மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் என்பார்கள். நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அடிவாரத்திலேயே தூங்கிவிட்டேன். ஏற்காடு ஏரி அருகே எழுப்பினாள். பதினைந்து ரூபாய்க்கு டீ குடித்துவிட்டு நாகலூர் பஸ்ஸைப் பிடித்தோம்.

பத்து மணிக்கு முதல் முறை உட்கார்ந்தோம். சன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகள், அவற்றின் மேல் மேகம். ஒரு சத்தமும் இல்லை. கண்ணை மூடினேன், அவ்வளவுதான். விழித்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, தியானம் பண்ண வந்தீங்களா, கொறட்டை உட வந்தீங்களா? என்ர மானமே போச்சுங்க" என்றாள் செல்வி.

மாலையிலும் அதே கதை. சனிக்கிழமை முழுவதும் அதே கதை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் பயிற்சி நடத்தும் அம்மா என்னைத் தனியாக அழைத்தார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அண்ணா, நாளைக்குக் கடைசி நாளுங்க. மறுபடியும் கொறட்டை வந்தா உங்கள வராண்டாவுல உக்கார வெக்கோணுங்க. மத்தவங்க பாவமுங்க. ஊட்டுலயும் இப்படித்தானுங்களா?"

"தறி ஓடறப்ப தூக்கம் வராதுங்கம்மா. நின்னா உடனே வந்துருமுங்க."

அவர் சிரித்துவிட்டார். "சத்தம் நின்னா வேலை முடிஞ்சுதுன்னு உடம்பு நெனச்சுக்குதுங்க. அரை வயிறு சாப்பிடுங்க. கண்ணைப் பாதி தொறந்து வெய்யுங்க. அப்பவும் சொக்குனா எந்திரிச்சு நின்னுக்கங்க. தப்பே இல்லீங்க."

ஞாயிறு காலை இரண்டு இட்லியோடு பந்தியிலிருந்து எழுந்துவிட்டேன். "காய்ச்சலுங்களா?" என்று செல்வி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கண்ணைப் பாதி திறந்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் தலை தொங்கியது. வராண்டா நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றேன். கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, நான் ஒருவன் மட்டும் நின்றேன். கல்யாணத்தன்றுகூட நான் அப்படிக் கூசியதில்லை. ஆனால் தூக்கம் போன இடம் தெரியவில்லை. தறியில் நெடுக ஓடும் பாவு நூலைப் பார்ப்பது போல மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவனம் அறுந்தது. தறியில் இழை அறுந்தால் தறியை யாரும் திட்டுவதில்லை, முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டுகிறோம். அப்படியே செய்தேன். பலமுறை அறுந்தது, பலமுறை முடிச்சுப் போட்டேன். மணி அடித்தபோது அரை மணி ஆகியிருந்தது.

வெளியே ஒரு பெண் செல்வியிடம் கேட்டது என் காதில் விழுந்தது: "நின்னுக்கிட்டே பண்ணுனாரே, அவரு யாருங்கக்கா?"

"எங்க ஊட்டுக்காரருங்க" என்றாள் செல்வி. கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

மாலை பஸ்ஸில் முதல் வளைவிலேயே அவள் என் தோளில் தூங்கிப்போனாள். நான் இருபது வளைவுகளையும் பார்த்தேன். கீழே சேலம் முழுவதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இப்போது பட்டறையில் கரண்ட் இல்லை. தறிகள் நின்றுவிட்டன. எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் விழித்திருந்து இதை எழுதி முடித்தேன்.

ஐப்பசி 12, புதன்கிழமை.