மாமியின் சனிக்கிழமைக் குளியல்

சனிக்கிழமை காலைகளில் நானும் என் நாயும் அடையாறில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குப் போவோம். யார் தடவினாலும் நகராமல், குரைக்காமல் இருக்கப் பயிற்சி பெற்ற நாய். தெருவில் பிறந்ததுதான், குணத்தில் என்னைவிட மேல். தனியாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் போய்ச் சாய்ந்து நிற்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது என் வேலை. நாயின் பெயர் அங்கே எல்லோருக்கும் தெரியும். என் பெயரை ஒருவரும் கேட்டதில்லை.

மயிலாப்பூர் மாமி ஒருத்தி சக்கர நாற்காலியில் இருந்தாள். அவளைப் பார்க்க யாரும் வந்து நான் கண்டதில்லை. முதல் நாளே, "கிட்டக்க கொண்டு வராதே, நான் குளிச்சாச்சு" என்றாள். நாயைத் தொட்டால் மறுபடியும் குளிக்க வேண்டும். அவள் வளர்ந்த வீட்டு வழக்கம் அது. எனக்குச் சுருக்கென்றது. நஷ்டம் உங்களுக்குத்தான் மாமி என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அங்கே வேலை செய்யும் ஆயா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னா மேடம், இந்தம்மா காலைல குளிக்கவே மாட்டேன்னுது. நாய் வந்துட்டுப் போவட்டும்னு குந்திக்கினு கீது. வெந்நீர் ஆறிப்போச்சு."

மாமி முந்தின நாள் புடவையிலேயே காத்திருந்தாள். நாயைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள். அதன் காதைத் தடவியபடி வெகுநேரம் பேசினாள். அதனிடம்தான், என்னிடம் இல்லை. பிறகு பச்சைத் தண்ணீரில் குளித்தாள். அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான்.

போன மாதம் நாய்க்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், ஒரு புதன்கிழமை இறந்துவிட்டது. எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தின் வாட்ஸப் குழுவில் வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. அதற்கடியிலேயே, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். எதிர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. வீட்டில் ஒற்றை ஆளாக அழுதால், போதும் என்று சொல்லக்கூட ஆள் கிடையாது.

சனிக்கிழமை போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். நாய் இல்லாமல் அங்கே எனக்கு என்ன வேலை? ஆனால் மாமி குளிக்காமல் உட்கார்ந்திருப்பாளே. ஃபோனில் சொல்லிவிட மனம் வரவில்லை.

வெறும் கையோடு நுழைந்தேன். மாமி என் காலடியைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"எங்கே?"

"போயிடுச்சு மாமி. புதன்கிழமை."

மாமி ஆயாவைக் கூப்பிட்டு, தலைக்குத் தண்ணீர் விடச் சொன்னாள்.

"தலைக்கு வேணாம்மா, சளி புடிச்சிக்கும்."

"நம்ம மனுஷா போயிட்டான்னு கேட்டா தலைக்குக் குளிக்க வேண்டாமா?" என்றாள் மாமி.

குளித்து, ஈரத் தலையோடு திரும்பி வந்தாள். உடம்பு நடுங்கியது. கையைக் காட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"துக்கம் கேக்க உங்காத்துக்கு யாராவது வந்தாளா?"

"யாரும் வரலை மாமி."

"நான் வந்திருப்பேன்டி. கால் விளங்கலையே."

அந்தக் கூடத்தில், அத்தனை பேர் பார்க்க, நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.