பதினாலாம் பக்கத்து லண்டன்

கல்யாணக் கோலத்தில் நீங்கள் போகவே போகாத ஊர்கள் எத்தனை உங்கள் ஆல்பத்தில் இருக்கின்றன? என்னுடையதில் மூன்று. சுவிட்சர்லாந்துப் பனி, தாஜ்மகால், பதினாலாம் பக்கத்தில் லண்டன் மணிக்கூண்டு. எல்லாம் வடபழனி போட்டோகிராஃபர் மாமா கம்ப்யூட்டரில் ஒட்டிய கைவரிசை.

லண்டன்தான் வினையாகிவிட்டது. அங்கே மாஸ்டர்ஸ் முடித்து, விசா முடிந்த பிறகும் ஒன்பது மாதம் திரும்பாமல் பதுங்கிக் கிடந்தவன் நான். வேலை கிடைக்கவில்லை என்று வீட்டில் சொல்ல வெட்கம், அவ்வளவுதான் காரணம். அந்த நேரம் பார்த்து, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தியிடம் விழுந்தேன். மூன்று மாதம் மறைத்துவிட்டு ஒருநாள் உண்மையைச் சொன்னேன். "டிக்கெட் போடு. ஊருக்குப் போ. ஒழுங்கான வழியில திரும்பி வா" என்றாள். வந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து அவளே சென்னைக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு, மூன்றாம் வாரம் லண்டன் வேலைக்குத் திரும்பினாள்.

அதன் பிறகு அவளுடைய கணவனாக நான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஒருமுறை விதியை மீறியவன் என்பதால் ஒவ்வொரு தாளையும் விசா அதிகாரிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். மறுத்துவிட்டால், குழந்தை பிறக்கும்போது நான் சைதாப்பேட்டையில் உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

கல்யாணத்துக்குச் சாட்சியாகப் படங்கள் கேட்டிருந்தார்கள். நான் ஆல்பம் முழுவதையும் ஸ்கேன் செய்து பெருமையாக அவளுக்கு அனுப்பினேன். உடனே வீடியோ காலில் வந்தாள்.

"பதினாலாம் பக்கம் பாத்தியா?"

"செம்மையா இருக்குல்ல?"

"லூசு. நீ லண்டனை விட்டுப் போய் ஆறு மாசம் கழிச்சு, மாலையும் கழுத்துமா லண்டன்ல நிக்கிற. அதை நீயே அவங்களுக்கு அனுப்பப் போற."

"அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துடவா?"

"நாம ரெண்டு பேர் மட்டும் நிக்கிற படம் எல்லாமே இப்படித்தான் இருக்கு. போய் ஒரிஜினல் வாங்கிட்டு வா."

வடபழனிக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்ட மாமா சிரித்தார்.

"இன்னா நைனா, லண்டன் வேணும்னு அவனவன் கேட்டு வாங்கிக்கினு போறான். சரி வுடு, ஊட்டி போட்டுத் தரட்டா? ஊட்டிக்கு விசா கிடையாது."

"மாமா, ஒண்ணும் போடாதீங்க. எடுத்தது எப்படியோ அப்படியே குடுங்க."

"பாக்க நல்லா இருக்காது. பின்னாடி அண்டா குண்டா எல்லாம் கீது."

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். மண்டபத்தின் பின்பக்கம். இரண்டு கம்புகளுக்கு நடுவே, பிறகு லண்டனை ஒட்டுவதற்காகக் கட்டிய பச்சைத் துணி, ஒரு முனை சரிந்து தொங்குகிறது. அதற்கு அப்பால் கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள். நான் கேமராவைப் பார்த்து ஹீரோ மாதிரி விறைத்து நிற்கிறேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த படத்தைத் தட்டினார். அதிலும் என்னைத்தான். அதற்கடுத்ததிலும்.

"அந்தப் பொண்ணு கேமராவைப் பாக்கவே இல்ல நைனா" என்றார் மாமா. "மேடையில எடுத்ததுலேர்ந்து தலைய வெட்டி ஒட்டிக்கினேன். கஷ்டமாப் போச்சு."

வேலை இல்லாதவன், சட்டத்துக்குப் பயந்து பதுங்கியவன், அவளிடமே மூன்று மாதம் பொய் சொன்னவன். எல்லாம் தெரிந்த ஒருத்தி, உச்சி வெயிலில், அண்டாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒருவனை இப்படிப் பார்க்க முடியுமா? பெசன்ட் நகரில் முதல்முதலாகக் கடலைப் பார்த்த சின்னப் பையன் மாதிரி அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா டீ சொன்னார். அது ஆறிப்போனது.

மாமா தந்த பன்னிரண்டு ஒரிஜினல் படங்களையும் அப்படியே விண்ணப்பத்தில் ஏற்றினேன். விசா முடிந்தும் எங்கேயாவது தங்கியதுண்டா என்ற கேள்விக்கு 'ஆம், ஒன்பது மாதம்' என்று எழுதினேன். விண்ணப்பத்தோடு வைக்க அவள் அனுப்பிய கடிதத்தின் முதல் வரியே, 'என் கணவர் செய்த தவறு தெரிந்துதான் அவரை மணந்தேன்' என்று இருந்தது. சமாதானமோ சாக்கோ எங்கும் கிடையாது. அதை நாலு தடவை படித்தேன்.

கைரேகை கொடுத்துப் பதினோரு வாரம் ஆகிறது. அவளுக்கு எட்டாம் மாதம். என் பாஸ்போர்ட் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.