பத்தாயத்துப் பூனைக்குட்டி

பால்குடி மறக்காத பூனைக்குட்டியின் வாயருகே மூக்கை வைத்தால், லேசாகப் புளித்த பாலும் வெயிலில் காய்ந்த பழந்துணியும் கலந்தது போல ஒரு வாசனை வரும். மோந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் ஆகாது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வாய்க்கால் கரையில் இருந்த எங்கள் ஊரில், நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடத்து மார்கழிக் குளிரில், அந்த வாசனை காமாட்சியின் முந்தானைக்குள் சுருண்டபடி எங்கள் வீட்டுக் கொல்லை வழியாக வந்து சேர்ந்தது.

காமாட்சி எங்கள் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிறவள், மாட்டுக்கொட்டிலைக் கூட்டுவதும் அவள்தான். அவள் வீட்டுப் பூனை குட்டி போட்ட சில நாட்களிலேயே அதை நாய் கடித்துப் போட்டுவிட்டது. குட்டிகளும் ஒவ்வொன்றாகப் போய் மிஞ்சியது இது ஒன்றுதான். "உங்க வீட்டுலதான் பால் இருக்கு பாப்பா, எங்க வீட்டுல நீத்தண்ணிதான் இருக்கு. நீயே வச்சிக்க" என்று சொல்லி என் பாவாடையில் அதை விட்டாள். கண் அப்போதுதான் திறந்திருந்தது. என் உள்ளங்கை சின்னது, அதிலும் அது பாதியைத்தான் அடைத்தது.

நான் குழந்தையாக இருந்தபோது எனக்குப் பால் புகட்டிய வெள்ளிப் "பாலாடை"யை அம்மா பரணிலிருந்து எடுத்துத் தந்தாள். பசும்பாலை அப்படியே கொடுத்ததில் வயிறு கழிந்து குட்டி துவண்டு போயிற்று, பிறகு பாதிக்குப் பாதி வெந்நீர் கலந்தோம். புகட்டிய பாதி அதன் கழுத்து வழியாக வழிந்து என் மடியை நனைக்கும். நெல் அவிக்கும் அடுப்போரம் சாக்கை மடித்துப் போட்டு, பழைய முறத்தில் சாம்பல் கொட்டி அருகில் வைத்து, பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதெல்லாம் அது செத்துப்போய்விட்டதா என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். அப்பாவுக்குப் பூனை பிடிக்காது. ஆனாலும் உழவு மாட்டுக்கு வைப்பது போல அதன் செம்பழுப்பு நிறத்தைப் பார்த்து "செவலை" என்று பெயர் வைத்தது அவர்தான். எலி பிடிக்கட்டும், அப்புறம் மரியாதை கொடுக்கலாம் என்பார்.

எலிக்குப் பஞ்சமில்லாத வீடு அது. கூடத்தின் ஒரு மூலையை முழுக்க அடைத்துக்கொண்டு பத்தாயம் நின்றது. பத்தாயம் என்றால் பலகைகளால் ஆன நெற்கிடங்கு, ஓர் அறையளவு இருக்கும். மேலே ஏணி வைத்து ஏறித் திறக்க ஒரு பலகைக் கதவும், கீழே நெல்லைச் சரியவிட ஒரு வாயும் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்த பூனைக்குட்டி தட்டுத் தடுமாறி நடக்கத் தொடங்கியதும், ஒரு முற்பகல் அதைப் பத்தாயத்து நெல்மேல் விட்டு எடுப்பார்கள். நெல் வாசனை உடம்பில் ஏறிய பூனை வேறு வீடு தேடிப் போகாது என்று நம்பிக்கை. அம்மா பிறந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வார்களாம்.

அது சென்னையில் ஆட்சி மாறி, டீக்கடைக்கு டீக்கடை அரசியல் பேசிய காலம். வயல் பக்கமோ வேறு பேச்சு. விவசாயக் கூலிகளின் சங்கத்துக் கொடி ஊன்றிய பிறகு, அதுவரை அப்பாவை "ஆண்டே" என்று கூப்பிட்டவர்கள் "ஐயா" என்றார்கள், அந்த ஒரு சொல் மாறியதே அப்பாவுக்குப் பாதி வலி. காமாட்சியின் புருஷன் வீரையன்தான் எங்கள் ஊர் சங்கத்துக்குத் தலைவர். தை அறுப்பு முடிந்து களத்தில் கூலி அளக்கும்போது, பன்னிரண்டு மரக்கால் கொண்ட கலத்துக்கு அரை மரக்கால் கூட்டித் தரவேண்டும் என்று அவர் கேட்டார். அப்பா முடியாது என்றார். குறைத்து அளந்தால் வாங்குவதில்லை என்று அத்தனை பேரும் கூலியைத் தொடாமல் களத்தை விட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்குச் சேரவேண்டிய நெல்லும் எங்கள் நெல்லோடு சேர்ந்து பத்தாயத்துக்குள் போயிற்று. அன்றிலிருந்து காமாட்சி வேலைக்கு வரவில்லை. மாட்டுக்கொட்டிலை அம்மாவே கூட்டினாள்.

பிறகு வந்தது அந்த முற்பகல். அம்மா செவலையின் நெற்றியில் விபூதி இட்டு, ஏணியில் ஏறி, அதைப் பத்தாயத்துக்குள் நெல்மேல் விட்டு, எலி வராமல் கதவைச் சாத்திவிட்டு, சற்றுப் பொறுத்து எடுக்கலாம் என்று இறங்கினாள். அடுப்பில் சோறு பொங்குவதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் சேவகர்களும் ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணமும் இறங்கினார்கள். அரசாங்கத்துக்கு "லெவி" என்று கட்டாயமாக அளக்கவேண்டிய நெல் போக, கணக்குக்கு மீறி எங்கள் வீட்டில் நெல் பதுக்கியிருப்பதாக மனு போயிருக்கிறதாம். அப்பா கூலி நெல்லின் கதையைச் சொன்னார். "அப்படியா, தாசில்தார் உத்தரவு வாங்கி வந்து அளந்து பார்த்துக்கலாங்க" என்று இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே சொல்லிவிட்டு, மேல்கதவிலும் கீழ்வாயிலும் துணி நாடாவை ஒட்டி, மெழுகுவர்த்திச் சுடரில் அரக்கை உருக்கி முத்திரை குத்தினார். வீட்டில் யாருக்கும் குட்டியின் நினைவு வரவில்லை. அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஜீப் கிளம்பிப் போய், புழுதி அடங்கி, அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்த பிறகுதான் பத்தாயத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. அதுவரை தூங்கியிருக்கிறது, பாவம்.

"ஏங்க, குட்டி உள்ள இருக்குங்க" என்றாள் அம்மா. அப்பா நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய் அரக்கைத் தொட்டுப் பார்த்தார்.

முத்திரையை உடைத்தால் ஜெயில் என்று அந்த நாளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். மந்திரி வருகைக்காக எல்லா அதிகாரிகளும் கேம்ப் போயிருந்தார்கள். இருந்த ஒரே குமாஸ்தா, "பூனைக்கு மனுவா? எழுதிக் குடுத்துட்டுப் போங்க, வந்ததும் வைக்கிறேன்" என்று பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துச் சிரித்தாராம். அப்பா அந்தச் சிரிப்பைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பலகைகள் சேரும் இடத்தில் என் கழுத்துயரத்துக்கு ஓர் இடுக்கு இருந்தது, உள்ளே நெல்லும் அந்த மட்டத்துக்குத்தான் கிடந்தது. ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றிப் பாலில் நனைத்து அதன் வழியே நீட்டினேன். முதலில் செவலை ஓடி வந்து பஞ்சைப் பிடித்து இழுத்தது. அந்த இழுப்பு என் விரலுக்குத் தெரிந்ததும் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். ஆனால் ஒரு முறைக்கு எத்தனை சொட்டுப் போகும்? பாதி பலகையிலேயே ஊறிவிடும். உள்ளே நெல்லின் சுணைத்தூசி பட்டு அது தும்முவது கேட்கும். அம்மா பாலாடையின் மூக்கை நுழைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. வாழைநாரைப் பாலில் முக்கி விட்டுப் பார்த்தாள். "நான்தானே தூக்கி விட்டேன், இந்தக் கையாலதானே விட்டேன்" என்று புலம்பினாள். நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தேன், யாரும் போகச் சொல்லவும் இல்லை.

கர்ணம் மனிதர் நல்லவர். சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார். "நான் ஒண்ணும் பார்க்கல. நீங்களும் சங்கத்து ஆளுங்களும் எதிர்எதிரா நின்னு, மேல்கதவத் தொறந்து குட்டிய எடுத்துட்டு அப்பவே மூடிடுங்க. ரெண்டு தரப்பும் வாயத் தொறக்கலேன்னா அரக்க நான் ஒட்டிடறேன்." ஒரு தரப்பு வாயைத் திறந்தாலும் எல்லாருக்கும் விலங்குதான் என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா ஆள் அனுப்பினார். வீரையன் நாலு பேரோடு வந்து முற்றத்தில் நின்றார். உள்ளே செவலை கத்துவது எல்லாருக்கும் கேட்டது. இதோ ஏணியைக் கொண்டுவரப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

"தொறக்கலாம்ங்க. தொறந்தா எங்க கூலி நெல்லையும் அளந்து போட்டுட்டு மூடிடுவோம். நாங்களும்தான் எத்தன நாளு பொறுக்கறது" என்றார் வீரையன்.

அப்பாவின் முகம் சிவந்தது. "அதுக்காகத்தான் மனு போட்டீங்களா?"

"மனு நாங்க போடலீங்க. கூலி குடுக்காம இருக்க நீங்களே வச்சிக்கிட்ட முத்திரைன்னு எங்க தெருவுல பேசிக்கிறாங்க."

அவ்வளவுதான். அப்பா, "நெல்லுல ஒரு மணி குறைஞ்சாலும் நான் கம்பி எண்ணணும்யா!" என்று இரைந்தார். அவர்கள் திரும்பிப் போனார்கள். அப்பா சொன்னதும் பொய்யில்லை, வீரையன் கேட்டதும் அநியாயமில்லை. இத்தனை வயதுக்குப் பிறகு யோசித்தாலும் அந்த முற்றத்தில் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எல்லாரையும் திட்டினேன்.

மறுநாள் காமாட்சி வந்தாள். வரக்கூடாது என்று அவர்கள் தெருவில் கட்டுப்பாடு, ஆனாலும் கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு வந்து பத்தாயத்தில் காதை வைத்துக் கேட்டாள். குட்டியின் குரல் அதற்குள் கம்மிப்போயிருந்தது. நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரரை ஒத்துக்கச் சொல்லு, கத்திக் கத்திச் செத்துடும்" என்று அழுதேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அப்புறம் கோபமில்லாமல்தான் சொன்னாள்:

"எங்க வீட்டுப் புள்ளைங்களும் இந்த நெல்லுக்குத்தான் கத்துதுங்க பாப்பா. அது உங்க வீடு வரைக்கும் கேக்கல."

அம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே போய்ச் சோற்றுப்பானையை அப்படியே தூக்கி வந்து நீட்டினாள். கட்டுப்பாடு இருக்கும்போது வாங்கினால் தப்பாகிவிடும் என்று காமாட்சி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பானையை வைத்துக்கொண்டு அம்மா நின்றது இப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு பஞ்சை இழுப்பது நின்றது. நான் ஈர்க்குச்சியை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

மந்திரி வந்துபோன பிறகு, இன்ஸ்பெக்டர் உத்தரவோடு வந்து முத்திரையைப் பிரித்தபோது இரு தரப்பும் கூடத்தில் நின்றார்கள். ஏணியில் ஏறிய சேவகர் உள்ளே எட்டிப் பார்த்து, மேல்துண்டை உருவிக்கொண்டு உள்ளே இறங்கினார். இடுக்குக்கு நேராக, பலகையில் வாயை அழுத்தியபடி கிடந்ததாம். நெற்சுணை அப்பி, செவலை நிறமே தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் அதிர்ந்துபோனார். "எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லலீங்களே! சொல்லியிருந்தா அன்னிக்கே சைக்கிள்ல வந்து தொறந்திருப்பேனே!" என்றார். அவர் வீட்டிலும் பூனை இருக்கிறதாம். அப்பா எழுதிக் கொடுத்துவிட்டு வந்த மனு எந்த மேஜையில் கிடந்ததோ.

நெல்லை அளந்தார்கள். கூலியைக் கழித்தால் கணக்கு சரியாகவே இருந்தது. அந்த வாரமே பேசி முடித்து, அப்பா கால் மரக்கால் கூட்டினார், வீரையன் கால் மரக்கால் விட்டுக்கொடுத்தார். அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத வார்த்தை இல்லை. கூலி நெல்லைக் கூடையில் வாங்க வந்த காமாட்சி, குட்டியை எங்கே புதைத்தாய் என்று கேட்டாள். வாழைக்கு அடியில் என்றேன். சரி என்றாள்.

இன்று அறுவடையை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது, நெல் வயலிலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. பலகைக்கு விலை பேசிய யாரோ ஒரு விடுதிக்காரர் பத்தாயத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிப் போனார். லெவி போயிற்று, கர்ணம் என்ற உத்தியோகமும் போயிற்று. அப்பா, அம்மா, வீரையன், காமாட்சி யாரும் இல்லை. காமாட்சியின் மகன் துபாயில் சம்பாதித்து, எங்களிடமே நிலம் வாங்கியிருக்கிறான். சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் பூனை வளர்க்கிறாள். இந்தக் கதையைப் போன முறை வந்தபோது அவளுக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவ்வளவு பேர் இருந்தீங்க, ஒருத்தர்கூடவா உடைக்கல? யார் காவல் இருந்தாங்கம்மா?" என்றாள்.

யாரும் காவல் இருக்கவில்லை. போலீஸ் இல்லை, சேவகர் இல்லை, கட்டை விரல் அளவுக்கு இரண்டு அரக்குப் பொட்டு, அவ்வளவுதான் இருந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குக் கடப்பாரை இல்லாத வீடு ஒன்றுகூடக் கிடையாது.