டூட்டி போடுறவளுக்கு ஒரு நாள் லீவு

இல்லீங்க, என் மக யாரையும் அதட்டுறதில்ல. போன்ல கேக்குறவங்களுக்கு அப்படித் தோணும், அவ்வளவுதான். "ஆ காட்டு, ம், இன்னொரு வாய், ஆ காட்டு"ன்னு சொல்லிட்டே இருப்பா. அந்தப் பக்கம் முப்பது வருஷமா பஸ் ஓட்டுற டிரைவர் ஒருத்தர் திகைச்சுப் போய் நிப்பாரு. "உங்கள இல்லண்ணே, புள்ளைக்கு ஊட்டுறேன். நீங்க பதினாலாம் நம்பர் வண்டிய எடுங்க."

காலையில அஞ்சே முக்காலுக்கு எங்க வீட்டு சமையக்கட்டு இப்படித்தான் இருக்கும். என் மக கையில கரண்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவுல போன், கொண்டையில பென்சில். எதிர்ல உயர நாற்காலியில என் பேத்தி. பேத்தின்னு சொன்னாலே என் வாய் காது வரைக்கும் போயிடுது. பதிமூணு மாசமா இதே கதைதான். கல்யாணமாகி பதினோரு வருஷம் கழிச்சுப் பொறந்தவ. பொறக்கும்போது கையளவுதான் இருந்தா, அதனால மிளகுன்னு கூப்பிட ஆரம்பிச்சோம். காரம் பின்னாடிதான் தெரிஞ்சுது.

மக பஸ் டிப்போவுல டூட்டி போடுறவ. எந்த டிரைவர் எந்த வண்டிய எத்தனை மணிக்கு எடுக்கணும், யாருக்கு லீவு, ஒருத்தர் வரலன்னா யாரை அனுப்பணும், எல்லாம் அவ கையிலதான். நூத்திப் பன்னெண்டு டிரைவருங்க. அவங்க வச்ச பேரு கடிகாரக்கா. தலை நரைச்சவங்களும் அக்கான்னுதான் கூப்பிடுறாங்க. கம்ப்யூட்டர் குடுத்திருக்காங்க, ஆனா மொதல்ல பென்சில்லதான் போடுவா. ஏம்மான்னு கேட்டா, "பேனாவுல எழுதிட்டா அப்புறம் எந்த மனுஷனுக்கும் காய்ச்சல் வரக் கூடாதுப்பா"ன்னுவா. ஒருத்தர் ஒரு நாள் செருப்பக் காணோம்னு லீவு கேட்டாராம். "சரிண்ணே, கெடச்சதும் வாங்க"ன்னு சொல்லி போனை வச்சுட்டா. அரை மணி நேரத்துல வந்து நின்னாராம்.

வீட்லயும் அவதான் டூட்டி போடுறா. ஃப்ரிட்ஜ் கதவுல சார்ட் ஒட்டியிருக்கு. காலையில ஆறுலேந்து ரெண்டு வரைக்கும் மிளகுக்கு நான். ரெண்டுக்கு மேல மாப்பிள்ளை. மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்ச்சு ஃப்ரேம்ல பூட்டுறவரு அவரு, பேச்சும் அப்படித்தான், தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு வார்த்தை வரும். நடுவுல விழுற ஓட்டைக்கெல்லாம் அவரோட தங்கச்சி, என் மகளுக்கு நாத்தனார். சலூன்ல முடி வெட்டுறவ. அண்ணன் பேசாததையும் சேத்து அவளே பேசிடுவா. என் வீட்டுக்காரி போய் ஏழு வருஷமாச்சு. இருந்திருந்தா சார்ட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், அந்த டிப்போவையே அவ நடத்தியிருப்பா.

மக வீட்டுக்கு வர ஆறரை ஏழு ஆயிடும். வாரத்துல ஒரு நாள் ஓய்வு உண்டு, பேருக்கு. அன்னிக்குன்னு பாத்துத்தான் ரெண்டு பேர் வராம போவாங்க. ஒம்பது மணிக்கு போன் வரும், ஒம்பதேகாலுக்கு செருப்ப மாட்டிட்டு நிப்பா.

அவ வச்ச சட்டம் ஒண்ணு இருக்கு, டூட்டி நோட்டு. புள்ளைய அடுத்தவங்க கையில குடுக்கும்போது எழுதணும். சாப்பிட்டாளா, தூங்குனாளா, புதுசா என்ன செஞ்சா. நான் ஒரு வரி எழுதுறதுக்குள்ள மாப்பிள்ளை அரைப் பக்கம் எழுதிடுவாரு. சாயங்காலம் மக வந்ததும் செருப்பக் கூட கழட்டாம வாசக்கதவுல சாஞ்சுகிட்டு அதத்தான் படிப்பா. மொதப் பல்லு தெரிஞ்சது என் எழுத்துல இருக்கு. தவழ்ந்தது மாப்பிள்ளை எழுத்துல. கை தட்டுனது நாத்தனார் எழுத்துல. மொத வார்த்தைக்கு மட்டும் சண்டை. நான் 'தாத்தான்னு சொன்னா'ன்னு எழுதுனேன். நாத்தனார் அத அடிச்சுட்டு 'அத்தை'ன்னு போட்டா. மாப்பிள்ளை கீழ சின்னதா 'தண்ணி கேட்டிருக்கலாம்'னு எழுதி வச்சிருந்தாரு. மக படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. ஆனா அந்த நோட்டு முழுக்கத் தேடுனாலும் 'புதுசு'ன்னு அவ எழுதுன ஒரு வரி கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் அவளுக்கு நாப்பது நெருங்குச்சு. நாத்தனார் குதிக்க ஆரம்பிச்சுட்டா.

"அண்ணி, நாப்பது ஒரு தடவைதான் வரும். ஹால் பாத்து வச்சிருக்கேன். அறுபது பேர்."

"முப்பத்தொம்பதும் ஒரு தடவைதான் வந்துச்சு. அதுக்கு ஒருத்தரும் ஹால் பாக்கலியே."

"முன்னாடி பத்து முடி வெளுத்திருக்கு, அதையாவது நான் பாத்துக்கிறேன்."

"அது இருக்கட்டும். பத்தும் டிரைவருங்க குடுத்த பரிசு."

"அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

"லீவு. போன் இல்லாம, ஆள் இல்லாம, முழுசா ஒரு நாள். எம் பொண்ணு பக்கத்துல சும்மா ஒக்காந்திருக்கணும்."

"இதெல்லாம் ஒரு பரிசா அண்ணி?"

"நூத்திப் பன்னெண்டு பேருக்குக் குடுக்குறேன், எனக்குக் குடுத்துக்கிட்டதில்லியே. அப்ப பரிசுதான்."

அன்னிக்கே டிப்போ சார்ட்டுல, பொறந்தநாள் வர்ற வியாழக்கிழமைக் கட்டத்துல, தன் பேரை எழுதி லீவு போட்டுட்டா. அப்புறம் பால் புட்டி கழுவும்போது, எங்களுக்கு முதுகைக் காட்டிகிட்டு சொன்னா: "பல்லையும் பாக்கல, தவழ்றதையும் பாக்கல. நடக்குறதையாவது மொதல்ல நான் பாத்துடணும்ப்பா." சொல்லிட்டு குழாய கொஞ்சம் பெருசா திறந்துவிட்டா. அவ எதையும் வாய் விட்டுக் கேக்குறவ இல்ல. கேட்டது அந்த ஒரு தடவைதான்.

போன வாரம் திங்கக்கிழமை. மிளகு நாற்காலிக் காலைப் பிடிச்சு எந்திரிச்சு நின்னா. அது பழசு. அன்னிக்கு கையை விட்டுட்டா. விட்டுட்டு என்னைப் பாத்தா, விசில் குடுப்பாங்களான்னு டிரைவர் கண்ணாடியில பாக்குற மாதிரி. ஒரு காலைத் தூக்குனா. எனக்கு மக சொன்னது பொட்டுன்னு நெனப்புக்கு வந்துச்சு. பாய்ஞ்சு போய் அள்ளிட்டேன்.

ரெண்டு மணிக்கு மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. "வியாழக்கிழமைக்கு இன்னும் பத்து நாள் மாமா. சமாளிச்சுடலாம்."

நாத்தனார் இன்னும் ஒரு படி மேல போயிட்டா. "வழவழன்னு ஒரு சாக்ஸ் வாங்கிட்டு வர்றேன் மாமா. எந்திரிச்சாலே வழுக்கி ஒக்காந்துடுவா."

அன்னிலேந்து பகல்ல புள்ள தரையில கால் வைக்கல. காலையில என் இடுப்புல, மத்தியானம் அவங்கப்பா தோள்ல. நாத்தனார் வந்தா மடியில ஒக்கார வச்சு தலையில கிளிப்பா குத்திகிட்டே இருப்பா. மிளகு முதுகை வில்லா வளைப்பா, என் மூக்கைப் பிடிச்சுத் திருகுவா, தரையைக் காட்டிக் காட்டி அழுவா. எனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கான்னே மறந்துபோச்சு. இருந்தாலும் உள்ளுக்குள்ள ஒரு குஷி. மகளுக்கு எவ்வளவு பெரிய காரியம் பண்றோம்னு.

நாங்க கவனிக்காதது ஒண்ணு இருந்துச்சு. மக தெனம் வந்ததும் புள்ள காலை மடியில வச்சு அமுக்கிப் பாக்குறா, மடக்கி நீட்டிப் பாக்குறா. கொஞ்சுறான்னு நெனச்சோம். டிப்போவுல ஒரு டிரைவர் தன் பையன் பத்தாம் மாசமே ஓடுனான்னு சொல்லியிருக்காரு. அதக் கேட்டதுலேந்து, புள்ள இன்னும் நடக்கலியேன்னு அவளுக்கு ஒரே பயம். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. இந்த வாரம் செவ்வாக்கிழமை சீக்கிரமா வந்து, தானே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனா. திரும்பி வந்து, கொண்டையிலேந்து பென்சில உருவி, டூட்டி நோட்ட எடுத்து வச்சுகிட்டு ஒக்காந்தா. டிரைவருங்க எழுதிக் குடுக்குற டிரிப் ஷீட்டப் படிக்கிற மாதிரி விரல வச்சு வச்சுப் படிச்சா. அப்புறம் எங்க மூணு பேரையும் சமையக்கட்டுக்குக் கூப்பிட்டா.

"ஒம்பது நாள். இருவத்தி மூணு எடத்துல 'தூக்கி வச்சிருந்தேன்'னு இருக்கு. அவ என்ன சூட்கேஸா? என்ன நடக்குது இந்த வீட்ல?"

மாப்பிள்ளை பதட்டத்துல, "ஒண்ணுமே நடக்கலியே"ன்னாரு.

"அதத்தான் நானும் கேக்குறேன்."

நாத்தனாருக்கு வந்த சிரிப்பு இருமலா மாறிடுச்சு. நான்தான் ஒத்துகிட்டேன். "உன் பொறந்தநாளைக்காகம்மா. நீ மொதல்ல பாக்கணும்னு கேட்டியே."

அவ நோட்டுல வச்ச விரல எடுத்தா. "டாக்டர் காலெல்லாம் நல்லாருக்குன்னுட்டு கேட்டாரு, யாராவது எப்பவும் தூக்கிட்டே இருக்காங்களான்னு. இல்ல டாக்டர், எங்கப்பா கீழ விட்டுத்தான் வளர்ப்பாருன்னு சொன்னேன்." நோட்ட மூடுனா. "தெனம் வந்து இவ காலை அமுக்கிப் பாத்துட்டு இருந்தேன்ப்பா. எலும்புல ஏதோ கோளாறுன்னு நெனச்சுகிட்டு. நீங்க மூணு பேரும் எதிர்லதான் ஒக்காந்திருந்தீங்க."

நெசமா அது எங்க மண்டையில ஏறவே இல்லீங்க.

"சில டிரைவருங்க இருக்காங்க. சீக்கிரம் வந்துட்டா நடு வழியில வண்டிய நிறுத்தி வச்சு நேரத்த ஓட்டுவாங்க. ஷீட்டுல எல்லாம் சரியா இருக்கும். உள்ள ஒக்காந்திருக்குறவங்க என்ன பாவம் பண்ணாங்க?" மிளகை தரையில எறக்கி விட்டா. "எனக்காக யாரும் இவள நிறுத்தி வைக்கக் கூடாது. நாளைக்கு கிளம்புனா நாளைக்கு கிளம்பட்டும்."

"அப்ப நீங்க பாக்க முடியாதே அண்ணி."

"பாக்கலன்னா பாக்கல. அவ காலு, அவ நேரம்." சொல்லிட்டே குனிஞ்சு புள்ள கால்ல இருந்தத உருவுனா. "இந்த சாக்ஸ் யாரோட யோசனை?"

மூணு பேரும் ஆளுக்கொரு செவுத்தைப் பாத்தோம். அதுக்கப்புறம்தான் அவளுக்கு சிரிப்பே வந்துச்சு. தரையில விட்ட மிளகு ஒரு அடி எடுத்து வைக்கணுமே, ஊஹூம். கரண்டியக் கடிச்சுகிட்டு ஒக்காந்திருந்தா.

மறுநாள், நேத்துதான், பதினொண்ணு இருவதுக்கு நாற்காலிய விட்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. செருப்பு ஸ்டாண்டு வரைக்கும் போய் தொப்புன்னு ஒக்காந்துட்டா. நான் கையக் கட்டிகிட்டு நின்னேன். பாய்ஞ்சு போற காலை எப்படிப் பிடிச்சு வச்சேன்னு எனக்கே தெரியல. மகளுக்கு மூணு தடவை போன் போட்டேன், மூணு தடவையும் பிஸி. மறுநாள் லீவுக்காக எல்லாத்தையும் முடிச்சு வச்சுட்டு இருந்திருக்கா. 'பதினொண்ணு இருவது. நாலு அடி நடந்தா'ன்னு எழுதுனேன். இத்தனை சந்தோஷமான ஒரு வரிய யாரும் இவ்வளவு பயந்து எழுதியிருக்க மாட்டாங்க.

ஏழு மணிக்கு அவ வரும்போது புள்ள தூங்கிடுச்சு. கதவுல சாஞ்சு படிச்சா. திரும்ப ஒரு தடவை படிச்சா.

"எந்தக் கால மொதல்ல வச்சாப்பா?"

"கால பாக்கலம்மா. மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன்."

தலையாட்டிட்டு உள்ள போனா. தட்டுல பாதி சாப்பாடு அப்படியே இருந்துச்சு.

இன்னைக்கு அவளுக்கு நாப்பது. காலையில போன அணைச்சு என் கையில குடுத்தா. "நான் கேட்டாலும் குடுக்காதீங்க." அஞ்சு நிமிஷத்துல கேட்டா, நான் குடுக்கல. ஏழு மணிக்கு, மக வேணாம்னு சொன்னதையும் மீறி நாத்தனார் கேக்கோட வந்து நின்னா. "வச்சுட்டு ஓடிடுறேன் அண்ணி." தெறந்து பாத்தா மேல நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கு. "மிளகு வயசையும் சேத்துட்டேன்"னு ஒரு விளக்கம். "காலங்காத்தால எனக்கு ஒரு வருஷத்த கூட்டிட்டியே"ன்னா மக.

மக தரையில காலை நீட்டி, செவுத்துல சாஞ்சு ஒக்காந்திருந்தா. மிளகு நாற்காலியப் பிடிச்சுகிட்டு நின்னா. நாங்க மூணு பேரும் "அம்மாகிட்ட போ, அம்மாகிட்ட போ"ன்னு ஆரம்பிச்சோம்.

"யாரும் கூப்பிடாதீங்க"ன்னா மக.

புள்ள கேக் டப்பாவுலேந்து அவுந்து தொங்குன செவப்பு ரிப்பனைப் பாத்துச்சு. கையை விட்டுச்சு. அம்மாவோட நீட்டுன கால் பக்கமா, அவ மூஞ்சியக் கூடப் பாக்காம, நேரா ஆறு அடி வச்சு ரிப்பனுக்குப் போச்சு. எட்டிப் பிடிச்சு, ஒக்காந்து, வாயில வச்சுகிச்சு.

"என்ன அண்ணி, உங்களத் தாண்டிப் போயிட்டா."

மக டூட்டி நோட்ட வாங்குனா. பென்சில எடுக்கல, என் சட்டைப் பையிலேந்து பேனாவ உருவிகிட்டா. மணி எழுதுனா. 'வலது கால்'னு எழுதுனா. எனக்கு மனசு கேக்கல. "நேத்து நான் மட்டும் பாக்காம இருந்திருந்தா, இது உனக்கு மொத நடையா இருந்திருக்கும்மா"ன்னேன்.

அவ தலையத் தூக்காம எழுதிகிட்டே சொன்னா:

"நாலு அடி உங்களுதுப்பா, அது நோட்டுல இருக்கு. அஞ்சாவது அடிய இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. அது என்னுது."