ஒரு பை அழுக்கு

பிரெஞ்சு பேசும் நகரொன்றின் வில்லரேப் பகுதியில் இரண்டாம் மாடியில் குடியிருந்த யோகராணி, தாம் நன்றி சொல்ல வேண்டியவர்களுள் கீழ்வீட்டு செலீனையே முதலில் குறிப்பிடுவார். கணவர் நகுலேஸ்வரனைக் கொழும்பிலிருந்து அழைப்பதற்கான பிரெஞ்சுப் படிவங்களை வரிவரியாக நிரப்பிக் கொடுத்து, அவரை இங்கு வந்துசேரச் செய்தவர் செலீன். 1996 தை மாதத்தில் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் புறப்பட்ட அவர், எட்டு நியோன் மீன்கள் நீந்திய தம் கண்ணாடித் தொட்டியை யோகராணியிடம் ஒப்படைத்தார். அதனைப் பழுதின்றித் திருப்பிக் கொடுப்பதே யோகராணியின் ஒரே கவலையாயிற்று.

அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். விடிந்ததும் தரை, அடுப்பு, குளியலறை யாவும் கழுவப்படும். தொட்டியும் அவ்வரிசையில் சேர்ந்தது. மீன்களை வாளிக்கு மாற்றி, பழைய நீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவினார்.

"வெள்ளிக்கிழமையில மச்சத்துக்கு முழுக்கு வாக்கிற சைவக்காரர் நாங்கள் மட்டும்தான்" என்று நகுலேஸ்வரன் சிரித்தார்.

"உங்களுக்கு எல்லாம் பகிடி. செலீன் வந்து பாக்கேக்க பளிங்கு மாதிரி இருக்கோணும்."

இரண்டாம் வாரம் நீர் வெண்மையாகக் கலங்கி, ஒரு மீன் இறந்தது. அழுக்கே காரணமென்று கருதி யோகராணி செவ்வாயன்றும் கழுவினார். மேலும் இரண்டு இறந்தன.

அந்தச் சனிக்கிழமை, வீட்டிலேயே தையல் வேலை செய்த யோகராணியிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் பத்மா வந்தார். சென்னைக்காரர், ஆங்கிலவழிக் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிப்பவர். தொட்டியை உற்றுப் பார்த்தார்.

"இதைக் கடைசியா எப்போ கழுவினீங்க?"

"நேற்றுத்தான், அக்கா. நல்ல சுத்தமா வைச்சிருக்கிறன்."

"அதுதாங்க வினையே. மீனோட கழிவைத் தின்னுற நல்ல கிருமிங்க அந்தப் பஞ்சுலயும் கல்லுலயும்தான் குடியிருக்கும். நீங்க வாராவாரம் அதுங்களைத் துரத்திடறீங்க. தயிர்ச்சட்டியைத் தேய்ச்சுக் கவுத்துட்டு, உறை எங்கேன்னு தேடற கதைதான்."

யோகராணியின் முகம் வாடியது. "அப்ப நான்தானோ அதுகளைச் சாக்காட்டினது?"

"இன்னும் அஞ்சு இருக்கில்ல? உறைக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

பிற்பகலில், தம் வீட்டுத் தொட்டியிலிருந்த பழைய பஞ்சொன்றை அதன் நீரோடு பையில் கட்டி, குளிர் தாக்காதபடி கோட்டுக்குள் அணைத்து, மெட்ரோவில் பத்மா திரும்பி வந்தார்.

"என்ன அக்கா, அழுக்கைப் பார்சல் கட்டிக்கொண்டு வாறியள்?" என்றார் நகுலேஸ்வரன்.

"ஊர்ல இதைவிட உசத்தியான அழுக்குக் கிடைக்காதுங்க. பிழியாம அப்படியே உள்ள வையுங்க."

முதல் இரு வாரங்களுக்குத் தினமும் சிறிதளவும், பின்னர் வாரம் ஒருமுறை கால்பங்கும் நீர் மாற்ற வேண்டும். அந்நீரை ஒருநாள் முன்னரே பிடித்து வைத்திருக்க வேண்டும். தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பத்மா சொன்ன இவற்றையெல்லாம் யோகராணி பிசகாமல் செய்தார். வெள்ளிக்கிழமைகளில் தொட்டியைத் தொடாதிருப்பதுதான் கடினமாக இருந்தது. பின்கண்ணாடியில் பாசி பச்சையாகப் படர்ந்தபோது கை துருதுருத்தது, அடக்கிக்கொண்டார். நாலாம் வாரம் நீர் தெளிந்தது. ஐந்து மீன்களும் தீனிக்கு மேலே வந்தன.

சித்திரையில் செலீன் கைத்தடியூன்றிப் படியேறி வந்தார். அவர் அமருமுன்னரே யோகராணி தமக்குத் தெரிந்த பிரெஞ்சில் உண்மையைச் சொன்னார்: மூன்று மீன்கள் இறந்துவிட்டன, பிழை தம்முடையது, காப்பாற்றியவர் பத்மா.

செலீன் ஐந்தையும் எண்ணினார். முதலாண்டில் தாமும் கழுவிக் கழுவியே எல்லாவற்றையும் இழந்ததாகவும், அதை எச்சரிக்காமல் போனது தம் பிழையென்றும் சொன்னார். பின்பு பத்மாவுடன் பேச விரும்பினார். யோகராணி தொலைபேசியில் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தார். பத்மாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. செலீன் நெடுநேரம் பேசிவிட்டு, கருவியை யோகராணியிடமே நீட்டினார்.

"உங்களுக்கு மெர்சியாம், நன்றியாம், அக்கா" என்று மொழிபெயர்த்த யோகராணி, தாமும் சேர்த்துக்கொண்டார்: "அதில பாதி நான் உங்களுக்குச் சொல்லுறது."