அவருக்குத் தெரியாமல் அனுப்பிய ரத்தம்

மாமா அந்த முறை கப்பலிலிருந்து வீடு வந்த காலையில், அக்கா கொடுத்த டீ அவர் வாயின் இடது ஓரமாக வழிந்து சட்டையில் இறங்கியது. அக்கா முதலில் சிரித்தாள். "இன்னாங்க, கொயந்த மாதிரி மேலெல்லாம் ஊத்திக்கினு கீறீங்க" என்று துண்டை எடுத்து நீட்டியவள் பாதியில் நின்றுவிட்டாள். அவர் முகத்தின் இடது பாதி தொய்ந்து இறங்கியிருந்தது. வலது கண் சிமிட்டியபோது இடது கண் அப்படியே திறந்திருந்தது. "பிளேன்ல வரும்போதே மரத்த மாதிரி இருந்துச்சு. தூங்குனா சரியாப் பூடும்னு நெனச்சேன்" என்றார் அவர்.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. ஆண்டில் எட்டு, ஒன்பது மாதம் கடலில் இருப்பார். அந்த மாதங்களில் அக்காவுக்குத் துணையாக ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்புறம் இருந்த அவர்களுடைய மாடி வீட்டில் நானும் இருந்தேன். புதிய நூற்றாண்டு பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. எனக்கு இருபத்தாறு வயது. திருவொற்றியூரில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். ஊசி குத்தினால் வலிக்காது என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரும், படித்த இரண்டு பாடப் புத்தகங்களும் சேர்ந்து என்னை ஏறக்குறைய டாக்டர் என்றே நான் எண்ணிக்கொள்ளும்படி செய்திருந்தன.

தெருவில் எல்லோரும் காற்று அடித்துவிட்டது என்றார்கள். பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுத்து, கன்னத்தைத் தேய்த்துவிடச் சொன்னார். பத்து நாளில் முகம் பாதி தேறியது. ஆனால் வலது முழங்கால் பந்து போல வீங்கிக்கொண்டது. பிறகுதான் நகருக்குள் இருந்த ஒரு பெரிய நரம்பு டாக்டரிடம் போனோம். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். முகத்தையும் முழங்காலையும் பார்த்துவிட்டு, எந்தெந்த ஊருக்குப் போனீர்கள், உடம்பில் எங்கேயாவது தடிப்பு வந்ததா என்று கேட்டார். மாமா சற்று யோசித்துத் தொடையைத் தொட்டுக் காட்டினார். வட ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்ப்புக்கு நின்றதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் காட்டுக்குப் பழம் பறிக்கப் போனார்களாம். எள்ளளவு பூச்சி ஒன்று தொடையில் ஒட்டிக்கொண்டிருந்தது, பிடுங்கிப் போட்டேன், பிறகு அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் ஒன்று சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவி, தானாகவே மறைந்துவிட்டது என்றார்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றாள் அக்கா.

"பூச்சி கடிச்சதெல்லாம் இன்னான்னு சொல்றது" என்றார் மாமா.

டாக்டர் சில கேள்விகள் தனியாகக் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார். பத்து நிமிடம் இருக்கும். கதவின் மரச்சட்டத்தைப் பார்த்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். எங்கள் தெருவிலேயே கப்பலுக்குப் போன ஒருவருக்கு வேறொரு துறைமுகத்தில் இன்னொரு குடும்பம் இருந்தது; அது பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கடிதத்தால் வெளியே வந்திருந்தது. அந்தக் கடிதம் அன்று எங்கள் இருவர் மனதிலும் ஓடியது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

இது உண்ணி கடித்து வரும் நோய், நம் ஊரில் பார்க்க முடியாதது என்றார் டாக்டர். ரத்தத்தை அதற்கான இடத்துக்கு அனுப்பி முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று நான்கு வாரத்துக்கு, காலையும் மாலையும் விழுங்க, காப்ஸ்யூல் எழுதித் தந்தார். ஆரம்பத்தில் காய்ச்சலும் வலியும் கூடலாம், பயந்து நிறுத்திவிடக் கூடாது, உடனே எனக்குச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். நம் ஊரில் இல்லாத நோய், காட்ட முடியாத பூச்சி, மறைந்துபோன வளையம். எனக்கு ஒன்றும் பொருந்தவில்லை.

சர்க்கரையும் உப்பும் பார்க்க வீட்டிலேயே மாமாவுக்கு ரத்தம் எடுத்தேன். அவர் சட்டைக் கையை மடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உன் கை பட்டா வலியே தெரியலம்மா" என்றார். அந்த ரத்தத்தில் ஒரு பகுதியை வேறு குழாயில் பிரித்து, பெரம்பூரில் ஒரு கூடத்தில் வேலை செய்த தோழியிடம் கொடுத்தேன். முகம் தொய்வதும் மூட்டு வீங்குவதும் வரக்கூடிய ஒரு பால்வினை நோய்க்கான பரிசோதனை. அவருக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. மறுநாள் தோழி சொன்னாள்: இருக்கிறது.

முதல் காப்ஸ்யூலை விழுங்கிய அன்று மதியம் மாமாவுக்கு நடுக்கம் கண்டது. பல் கிட்டித்தது. இரண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடியது. பிறகு உடம்பு கொதித்தது. முழங்கால் இன்னும் சிவந்து, தொட முடியாமல் போனது. அக்கா ஈரத்துணியால் துடைத்தபடியே, "இந்த மருந்து ஆவாதுடி, நிறுத்திடலாம்" என்றாள். நான் உள்ளே போய் என் பழைய பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் பால்வினை நோய்க்கும் முதல் மருந்து உள்ளே போனதும் கிருமிகள் கூட்டமாகச் சாவதால் இதே மாதிரி நடுக்கமும் காய்ச்சலும் வரும் என்று அதில் போட்டிருந்தது. எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அக்காவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, தோழி சொன்னதையும் புத்தகத்தில் இருந்ததையும் சொன்னேன்.

அக்கா அடுப்பில் கொதித்த கஞ்சியை இறக்கி வைத்தாள். "எனக்கும் எடுத்துப் பாரு" என்று கையை நீட்டினாள். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தபோது, "அப்ப அவருக்கு மட்டும் தான்" என்றாள். அன்றே தன் பாயை என் அறைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

நடுக்கம் மறுநாளே நின்றது. ஆனால் அடுத்த வாரங்கள் ஒரே சீராகப் போகவில்லை. மூன்று நாள் தெளிவாக இருப்பார், நான்காம் நாள் தலைவலியில் கண் திறக்க முடியாது. முழங்கால் வற்றும், திரும்ப ஊதும். மாமா அதற்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். காலண்டரில் நல்ல நாளுக்குக் கோடு, கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. காப்ஸ்யூல் வயிற்றைப் புரட்டியதால் இட்லி தின்ற பிறகே விழுங்கினார். வெயில் பட்டால் தோல் எரியும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சன்னலோரத்தைவிட்டு நகர்ந்து, சிமெண்டுத் தரையின் குளிர்ந்த பகுதியில் காலை நீட்டிப் படுத்தார். கெட்ட நாட்களில் நொண்டிக்கொண்டே போய் தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து டாக்டரிடம் பேசுவார். திரும்பி வந்து, "மருந்து வேல செய்யிதாம், விட்டுடக் கூடாதாம்" என்பார். அக்கா கஞ்சியை அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

நான் இன்னும் மோசம். மருந்தை ஒழுங்காக விழுங்குகிறாரா என்று, அவர் குளிக்கப் போகும்போது காப்ஸ்யூல் அட்டையை எண்ணினேன். ஒருநாள் துணி துவைக்கும் கல்லருகே பாதி கரைந்த காப்ஸ்யூல் கிடந்தது. எடுத்து வந்து அவர் முன்னால் வைத்து, "இது இன்னா மாமா" என்றேன். "வாந்தி வந்துச்சும்மா. வேற ஒண்ணு போட்டுக்கினேன்" என்றார். எண்ணிப் பார்த்தேன். அட்டையில் நாள் கணக்குக்கு மேல் சரியாக ஒன்று குறைந்திருந்தது. அப்போதும் நான் நம்பவில்லை, கணக்குச் சரியாக வரவேண்டும் என்று வேண்டுமென்றே இன்னொன்றையும் எறிந்திருப்பார் என்று நினைத்தேன். சந்தேகத்துக்கு அவ்வளவு மூளை இருக்கிறது.

இன்னொரு நாள், கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பிய அக்காவிடம் அவர் கேட்டார். "இது ஒட்டிக்கிற நோய் இல்லன்னு டாக்டரே சொன்னாரு. நீ ஏன் பயந்துக்கினு கீற?" அக்கா சமையலறைக்கு வந்துவிட்டாள். நாங்கள் ஏன் விலகினோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. குற்றம் என்னவென்று தெரியாமலே அவர் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வாரம், வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு நான் தனியாக அந்த டாக்டரிடம் போனேன். உண்மையைச் சொல்லுங்கள், என் அக்கா வாழ்க்கை என்றேன். தோழியின் கூடத்துத் தாளை மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "யார் எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார். பிறகு கோப்பிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் காட்டினார். ஒன்று, அந்தப் பால்வினை நோய்க்கே அவர் எடுத்த இன்னொரு வகைப் பரிசோதனை: இல்லை. மற்றொன்று, முந்தின நாள் வந்திருந்த உண்ணி நோயின் முடிவு: இருக்கிறது.

"ரெண்டு கிருமியும் பங்காளிங்க மாதிரி. உங்க டெஸ்ட் சில நேரம் ஒண்ணப் பாத்து இன்னொண்ணுன்னு சொல்லிடும். அதனாலதான் நான் ரெண்டாவது டெஸ்டும் பண்ணேன், அதனாலதான் அவர்கிட்ட தனியாவும் கேட்டேன். மருந்து போட்டதும் நடுங்குறது ரெண்டுலயும் வரும். பாதி படிச்சிட்டு முடிவு கட்டிட்டீங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுந்து வர எளிதாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இருவரையும் உட்கார வைத்து, ரத்தத்தைத் தோழியிடம் கொடுத்ததிலிருந்து டாக்டர் காட்டிய தாள்கள்வரை எல்லாவற்றையும் சொன்னேன். மாமா காலண்டரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம் பேசவில்லை, அக்காவிடம் பேசினார். "ஒரு வார்த்த என்னக் கேட்டுருக்கலாம்ல. மூணு வாரமா நா இன்னா தப்பு பண்ணேன்னு யோசிச்சிக்கினே படுத்துனு இருந்தேன்." அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாயை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். மருந்து முடிந்து இரண்டு மாதத்தில் முழங்கால் முழுதாக வற்றியது. அவர் மறுபடி கப்பலேறினார். என்னிடம் முன்பு போலவே பேசினார், சாக்லேட் வாங்கி வந்தார். ரத்தம் எடுக்க மட்டும் வேறு இடத்துக்குப் போனார்.

இப்போது விம்கோ நகரில் எனக்குச் சொந்தமாக ஒரு சிறிய கூடம் இருக்கிறது. மாமா ஓய்வு பெற்றுவிட்டார். அக்கா மட்டும் சர்க்கரை பார்க்க மாதாமாதம் என்னிடம் வருவாள், அவர் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். போன மாதம் அவர் உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். நான் பஞ்சை நனைத்துக்கொண்டு கிட்டே போனபோது கையை நீட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"இன்னா இன்னா டெஸ்டுன்னு மொதல்ல எயுதும்மா. நா படிச்சுக்கிறேன்."

எழுதினேன். சர்க்கரை, கொழுப்பு, உப்பு. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டு, கையை நீட்டினார்.